வேலையை நிறுத்திய செல்கள்

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரத்தில் ஐம்பதைத் தாண்டியவர்களிடம் நலம் விசாரித்தால், "உடம்பு முன்ன மாதிரி இல்ல" என்ற பதில் சகஜமாக வரும். உட்கார்ந்தால் எழ மூட்டு விடாது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். கையில் பட்ட சிறு புண் ஆற வாரக்கணக்காகும். அதே தெருவில், அதே ஆண்டில் பிறந்து, வேறு வேலைக்குப் போன இன்னொருவர் திடகாத்திரமாக நடந்து போவார். ஆதார் அட்டையில் இருவருக்கும் வயது ஒன்றுதான். உடம்புக்குள் மட்டும் அது ஏன் வேறுபடுகிறது?

கடந்த அறுபது ஆண்டுகளில் உயிரியல் இந்தக் கேள்விக்கு ஒரு பதிலைத் திரட்டியிருக்கிறது. செல்கள் எப்படி மூப்படைகின்றன, மூப்படைந்த செல்கள் உடம்பை என்ன செய்கின்றன என்பதே அந்தப் பதில். உடல் உழைப்பை நம்பி வாழும் ஊர்களுக்கு அது மிக அவசியமானது என்று நினைக்கிறேன்.

பிரிவதற்கு ஒரு வரம்பு

மனித உடம்பில் சுமார் 37 லட்சம் கோடி செல்கள் உள்ளன. அவற்றில் பெரும்பாலானவை தேய்வதும், அந்த இடத்தில் புதியவை பிறப்பதும் ஓயாமல் நடக்கிறது. ரத்தச் சிவப்பணு ஒன்றின் ஆயுள் ஏறத்தாழ 120 நாள். எலும்பு மஜ்ஜை நொடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட சிவப்பணுக்களைப் பிறப்பிக்கிறது. தோலின் மேலடுக்கு சுமார் ஒரு மாதத்தில் புதிதாகிவிடுகிறது. பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டி உருட்டித் தேயும் விரல் நுனியில் மறுபடி தோல் வளர்வது இதனால்தான். ஒரு செல் இரண்டாகப் பிரிகிறது, இரண்டு நான்காகிறது. இந்தப் பிரிதலே உடம்பின் அன்றாடப் பராமரிப்பு.

இந்தப் பிரிதலுக்கு முடிவே இல்லை என்றுதான் 20ஆம் நூற்றாண்டின் முதல் பாதி முழுக்க விஞ்ஞானிகள் நம்பினார்கள். நோபல் பரிசு பெற்ற அலெக்சிஸ் காரெல் 1912இல் கோழிக்கருவின் இதயத் திசுவைக் கண்ணாடிக் குடுவையில் வளர்க்கத் தொடங்கினார். அது 34 ஆண்டுகள் வளர்ந்ததாகச் சொல்லப்பட்டது. செல்லுக்கு மூப்பில்லை, உடம்புக்குத்தான் மூப்பு என்ற எண்ணம் அதனால் வேரூன்றியது.

அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் விஸ்டார் நிறுவனத்தில் வேலை பார்த்த லியோனார்ட் ஹேஃப்ளிக்குக்குக் குடுவைகள் வேறு கதை சொல்லின. மனிதக் கருவிலிருந்து எடுத்த செல்கள் முதலில் மளமளவென்று பெருகின. 40 முதல் 60 முறை பிரிந்ததும் நின்றுவிட்டன. ஊட்டக்கரைசலில் கோளாறா, கண்ணுக்குத் தெரியாத வைரஸ் புகுந்துவிட்டதா என்ற சந்தேகம் எழுந்தது. அதைத் தீர்க்க அவரும் பால் மூர்ஹெட்டும் செய்த சோதனை எளிமையானது, அழகானது. பலமுறை பிரிந்து கிழடு தட்டிய ஆண் செல்களையும், சில முறையே பிரிந்த பெண் செல்களையும் ஒரே குடுவையில் கலந்துவிட்டார்கள். குரோமோசோமைப் பார்த்தே எது ஆண், எது பெண் என்று சொல்லிவிடலாம். சில காலம் கழித்துப் பார்த்தபோது குடுவையில் பெண் செல்கள் மட்டுமே பிரிந்துகொண்டிருந்தன. கரைசலோ வைரஸோ காரணமாக இருந்தால் இரண்டு வகையும் சேர்ந்து நின்றிருக்க வேண்டும். ஆக, எத்தனை முறை பிரிந்தோம் என்ற கணக்கு ஒவ்வொரு செல்லுக்குள்ளும் இருக்கிறது.

செல்களை உறைய வைத்தும் பார்த்தார்கள். பாதி வழியில் உறைய வைத்த செல்களைப் பின்னர் இளக்கி வளர்த்தால், விட்ட இடத்திலிருந்து மீதி முறைகள் மட்டும் பிரிந்து நின்றன. நாள்காட்டி அவற்றுக்குப் பொருட்டே இல்லை. செய்த வேலைதான் கணக்கு. 1961இல் வெளியான இந்த ஆய்விலிருந்து பிறந்ததுதான் 'ஹேஃப்ளிக் வரம்பு'.

கணக்கு எங்கே இருக்கிறது?

குரோமோசோமின் இரு முனைகளிலும் ஒரு காப்பு இருக்கிறது. அதன் பெயர் டெலோமியர். டி.என்.ஏ.யின் எழுத்துகளில் டி, டி, ஏ, ஜி, ஜி, ஜி என்ற ஆறு மட்டும் ஆயிரக்கணக்கான தடவை திரும்பத் திரும்ப வரும் பகுதி அது. செல் பிரியும்போது டி.என்.ஏ.யைப் படி எடுக்கும் இயந்திரத்தால் கடைசி முனைவரை படி எடுக்க முடியாது. அதனால் ஒவ்வொரு பிரிதலிலும் டெலோமியரில் சில பத்து எழுத்துகளிலிருந்து நூற்றுச் சொச்சம் எழுத்துகள்வரை குறைகின்றன. காப்பு மிகவும் குட்டையானதும், செல் அந்த முனையை டி.என்.ஏ. முறிவாக எடுத்துக்கொண்டு அபாய அறிவிப்பு கொடுக்கிறது. பி53, பி16 போன்ற புரதங்கள் முன்வந்து, செல் இனிப் பிரியாதபடி பூட்டிவிடுகின்றன. இதுதான் செல் மூப்பு.

டெலோமியரின் அமைப்பை, குளத்து நீரில் வாழும் டெட்ராஹைமினா என்ற ஒற்றைச் செல் உயிரியில் 1978இல் வெளிக்கொண்டு வந்தவர்கள் எலிசபெத் பிளாக்பர்னும் ஜோசப் காலும். அதை மீண்டும் நீட்டிக்கும் டெலோமரேஸ் நொதியின் தடயத்தை 1984இல் கண்டார் பிளாக்பர்னின் மாணவி கரோல் கிரைடர். பிளாக்பர்ன், கிரைடர் இருவருக்கும், ஜாக் ஷோஸ்டாக் என்ற ஆய்வாளருக்கும் 2009ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் கிடைத்தது. அதே ஆண்டு வேதியியல் நோபல் பெற்றவர்களில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன். ரைபோசோமை ஆராய்ந்த அவர், மூப்பும் மரணமும் ஏன் என்பதை விளக்கும் ஒரு நூலை 2024இல் வெளியிட்டார்.

செல் மூப்படைய, டெலோமியர் தேய்வது ஒரு வழி மட்டுமே. வெயிலின் புற ஊதாக் கதிர், கதிர்வீச்சு, புகை, புற்றுநோயைத் தூண்டும் மரபணு மாற்றம் என எது டி.என்.ஏ.யைக் கடுமையாகத் தாக்கினாலும், இருபதாவது பிரிதலிலேயே செல் மூப்படைந்துவிடலாம்.

நின்றது, ஆனால் ஓயவில்லை

மூப்படைந்த செல்லை நுண்ணோக்கியில் பார்த்தால் அடையாளம் தெரியும். சாதாரணச் செல்லைவிடப் பெரிதாகி, தட்டையாகப் பரந்து கிடக்கும். ஒரு குறிப்பிட்ட சாயத்தைச் சேர்த்தால் அது மட்டும் நீலமாகும். ஜூடித் காம்பிசியின் குழு 1995இல் கண்டுபிடித்த இந்த நீலச் சாயத்தால், வயதானவர்களின் தோலில் அத்தகைய செல்கள் சேர்ந்திருப்பதைக் கண்ணால் காண முடிந்தது.

அதே காம்பிசி 2008இல் சொன்னது இன்னும் முக்கியமானது. பிரிவதை நிறுத்திய செல் சாவதில்லை, சும்மாவும் இருப்பதில்லை. இன்டர்லூகின்-6 போன்ற அழற்சிப் பொருட்களையும், திசுவின் நார்களைக் கரைக்கும் நொதிகளையும், வளர்ச்சித் தூண்டிகளையும் சுற்றுப்புறத்தில் கொட்டிக்கொண்டே இருக்கிறது. பக்கத்தில் இருக்கும் நல்ல செல்லும் இதன் தாக்கத்தால் மூப்படைவதை 2012இல் வெளியான ஆய்வு காட்டியது.

பட்டாசு ஆலைக்குள் போயிருப்பவர்களுக்கு இதன் விபரீதம் சட்டென்று புரியும். அங்கே வேலை அறைகள் ஒட்டி ஒட்டி இருக்காது. ஓர் அறைக்கும் அடுத்த அறைக்கும் நடுவே விதிப்படி இடைவெளி விட வேண்டும். ஓர் அறையில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. ஒன்றில் தீப்பிடித்தால் அடுத்ததில் பற்றக் கூடாது என்பதற்காகத்தான் அத்தனை ஏற்பாடும். நம் திசுக்களில் அந்த இடைவெளி கிடையாது. செல்லும் செல்லும் தொட்டுக்கொண்டே இருக்கின்றன.

எத்தனை செல்கள் கெட்டால் உடம்பு தளரும்? 2018இல் வெளியான ஓர் ஆய்வில் இளம் எலிகளின் உடம்பில் மூப்படைந்த செல்களைச் செலுத்தினார்கள். எலியின் மொத்தச் செல்களில் ஏறக்குறைய பத்தாயிரத்துக்கு ஒன்று என்ற அளவே அவை. அதற்கே எலிகளின் நடை வேகம் குறைந்தது, பிடிமானம் தளர்ந்தது. இப்படிச் செல்கள் சேரச் சேர ரத்தக்குழாய் விறைக்கிறது, மூட்டின் குருத்தெலும்பு தேய்கிறது, நுரையீரல் தழும்பேறுகிறது, கொழுப்புத் திசு இன்சுலினுக்குக் கட்டுப்பட மறுக்கிறது. சர்க்கரை, மாரடைப்பு, மூட்டுத் தேய்மானம் என்று தனித்தனியாக நாம் எண்ணும் நோய்களுக்கு அடியில் இந்தப் பொதுவான வேர் ஓடுகிறது.

மச்சமும் புண்ணும்

இவ்வளவு கெடுதல் செய்யும் ஒன்றை இயற்கை ஏன் வைத்திருக்கிறது? உங்கள் கையில் ஒரு மச்சம் இருந்தால் அதைப் பாருங்கள். தோலுக்கு நிறம் தரும் செல் ஒன்றில் ஒரு மரபணு மாறிப்போய், அது கட்டுமீறிப் பிரியத் தொடங்கியது. பெரும்பாலான மச்சங்களில் அந்த மாற்றம், மெலனோமா என்ற தோல் புற்றுநோயிலும் காணப்படும் அதே மாற்றம். ஓரளவு பெருகியதும் பூட்டு விழுந்தது. செல்கள் நின்றுவிட்டன, வருஷக்கணக்காக அதே அளவில் கிடக்கின்றன. 2005இல் இதை உறுதி செய்த ஆய்வுக்குப் பின், மச்சம் என்பது தோலளவில் தடுக்கப்பட்ட ஒரு விபத்து என்று நமக்குத் தெரியும். செல் மூப்பின் முதல் வேலை புற்றுநோயைத் தடுப்பது.

இரண்டாவது வேலை காயத்தை ஆற்றுவது. தீக்காயத்தோடு வாழப் பழகிய வட்டாரம் இது. இதைத் தெரிந்துகொள்ள நமக்குக் கூடுதல் உரிமை உண்டு. தோலில் காயம் பட்டதும் அந்த இடத்தில் சில செல்கள் வேண்டுமென்றே மூப்படைகின்றன. அவை வெளிவிடும் ஒரு வளர்ச்சிப் பொருள் புண்ணை மூடும் செல்களைத் தூண்டுகிறது. 2014இல் எலிகளில் செய்த சோதனையில், மூப்படைந்த செல்களை அகற்றியபோது புண் ஆறத் தாமதமானது. புண் மூடிய பின் நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து அவற்றைத் துப்புரவாக அகற்றிவிட வேண்டும். இளம் உடம்பில் அது நடக்கிறது. வயது ஏற ஏறத் துப்புரவு மந்தமாகிறது. வந்த வேலை முடிந்தும் போகாமல் தங்கிவிடும் செல்கள்தான் பிற்காலத்துத் தொல்லை.

சிவகாசியின் கணக்கு

மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு, விவசாயத்தை நம்ப முடியாத மண். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்று வந்த தீப்பெட்டித் தொழில் இந்த வறட்சியில்தான் காலூன்றியது. பட்டாசும் அச்சும் பின்னே வந்தன. தீப்பெட்டி ஆபீசுக்கும், பயராபீசு என்று இங்கே சொல்லும் பட்டாசு ஆலைக்கும் போவதே இங்கே தலைமுறைகளின் வாழ்க்கை. வெடியுப்பு, கந்தகம், கரி, அலுமினியப் பொடி, முன்பு பச்சை நிறத்துக்குச் சேர்த்த பேரியம் நைட்ரேட் என்று பட்டாசு மருந்தின் பொருட்கள் எல்லாம் நுண்ணிய பொடிகள். அலுமினியப் பொடியில் வேலை செய்பவரின் கையும் முகமும் சாயங்காலம் வெள்ளியாக மின்னும்.

இந்தப் பொடியில் மிக நுண்ணிய துகள்கள் மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் நுரையீரலின் காற்றுப்பை வரை போகக்கூடியவை. அங்கே காவலிருக்கும் மாக்ரோபேஜ் செல்கள் துகளை விழுங்கிச் செரிக்கப் பார்க்கும். உலோகம் செரியாது. அந்தப் போராட்டத்தில் ஆக்சிஜனின் தீவிர வடிவங்கள் வெளிப்பட்டு அக்கம்பக்கத்து டி.என்.ஏ.யைத் தாக்குகின்றன. டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் இந்தத் தாக்குதலுக்கு மிக எளிதில் இரையாவது ஜி என்கிற குவானின். டெலோமியரின் ஆறு எழுத்தில் மூன்று ஜி என்பதை நினைவில் கொள்ளுங்கள். அங்கே விழும் சிதைவுகள் சரியாகப் பழுதுபார்க்கப்படுவதும் இல்லை. ஆகவே, உழைக்கும் இடத்துக் காற்று, பிரிதலின் கணக்குக்கு மேல் இன்னொரு கழித்தலையும் செய்கிறது.

இத்தாலியின் மிலான் நகரில் போக்குவரத்துக் காவலர்களையும் அலுவலக ஊழியர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2009இல் வெளியானது. ஒவ்வொரு வயதுப் பிரிவிலும் சாலையில் நின்றவர்களின் டெலோமியர் குட்டையாக இருந்தது. சென்னையில், மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனத்தின் அடைக்கலகோடீஸ்வரி, பாலசுப்ரமணியம், மோகன் ஆகியோர் 2005இல் வெளியிட்ட ஆய்வும் இங்கே சேரும். நம் மக்களில் இரண்டாம் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்களின் டெலோமியர் சராசரியாகச் சுமார் 6,000 எழுத்து நீளம் இருந்தது. நோய் இல்லாத சம வயதினருக்குச் சுமார் 9,000. நோயுற்ற பிள்ளையை நெடுங்காலம் பராமரிக்கும் தாய்மார்களைப் பற்றிய 2004ஆம் ஆண்டு ஆய்வில், பராமரித்த ஆண்டுகள் கூடக் கூட டெலோமியர் குறைந்திருந்தது. ஒன்றோடு ஒன்று சேர்ந்து வருவதைக் காட்டும் ஆய்வுகள் இவை; எது எதற்குக் காரணம் என்பதை இவை மட்டுமே நிரூபித்துவிடா. ஆனால் புகை, சர்க்கரை, தீராத கவலை மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகின்றன.

ஒரு தலைமுறையை மட்டும் எண்ணிப் பாருங்கள். 1980களில் பத்து வயதில் தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்கப் போன சிறுமிக்கு இன்று ஐம்பது வயதை ஒட்டி இருக்கும். சிவகாசியின் குழந்தைத் தொழிலாளர் பற்றி வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தபோது அவர் ஏற்கெனவே பத்தாண்டு அனுபவம் உள்ள தொழிலாளி. நுரையீரலும் எலும்பும் வளர வேண்டிய வயதில் தொடங்கிய வேலை. ஐம்பது வயதில் அவருக்கு நாற்பதாண்டு உழைப்பு முடிந்திருக்கிறது. படிப்பு முடித்து இருபத்தைந்தில் வேலைக்குச் சேர்ந்தவர் அந்தக் கணக்கைத் தொட அறுபத்தைந்து ஆக வேண்டும். தீபாவளிப் புகையைப் பற்றி நாடு முழுக்க ஆண்டுதோறும் விவாதம் நடக்கிறது. 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை விதித்ததும் நகரத்துக் காற்றை நினைத்துத்தான். வெடிப்பவருக்கு அந்தப் பொருட்களோடு ஒன்றிரண்டு நாள் உறவு. செய்பவருக்கு ஆண்டு முழுக்க.

மருந்து வருமா?

மூப்படைந்த செல்லைத் தேடி அழித்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்காவின் மாயோ கிளினிக்கில் யான் வான் டர்சனின் குழு எலிகளில் சோதித்தது. விரைவில் மூப்படையும் எலிகளில் அந்தச் செல்களை அகற்றியதும் கண்புரையும் தசைச் சுருக்கமும் தள்ளிப்போயின என்று 2011இல் அறிவித்தது. சாதாரண எலிகளில் செய்தபோது அவற்றின் நடு ஆயுள் சுமார் கால் பங்கு கூடியதை 2016இல் கண்டது. ரத்தப் புற்றுநோய் மருந்தான டாசடினிப்பும், வெங்காயத்தில் உள்ள குவர்செட்டினும் சேர்ந்து இந்தச் செல்களைக் கொல்வது 2015இல் தெரியவந்தது. நுரையீரல் தழும்பேறிய 14 நோயாளிகளிடம் இந்தக் கூட்டு மருந்து முதன்முறையாகச் சோதிக்கப்பட்டது. அவர்களின் நடைத்திறன் சற்று மேம்பட்டதாக 2019இல் முடிவு வந்தது.

நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் இதே எண்ணத்தில் முழங்கால் மூட்டுக்காகத் தயாரித்த ஒரு மருந்து 2020இல் வெற்று ஊசியைவிட மேலாக எதுவும் செய்யவில்லை. காயம் ஆற்றும் செல்லையும் தொல்லை தரும் செல்லையும் மருந்து எப்படிப் பிரித்தறியும் என்ற சிக்கலும் தீரவில்லை. ஆகவே, இளமை திரும்பும் என்று விளம்பரம் செய்து விற்கும் மாத்திரைகளை வாங்காதீர்கள். சாம்பாரில் போடும் வெங்காயம் உடம்புக்கு நல்லது. சோதனையில் கொடுத்த குவர்செட்டின் அளவுக்கு அது வெகு கீழே.

இன்று நம் கையில் இருப்பவை வேறு. தூசி பறக்கும் வேலைக்கு முகத்தில் கட்டும் துண்டு போதாது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் தரமான மாஸ்க் வேண்டும். அதை வாங்கித் தருவது ஆலையின் கடமை. சாப்பாட்டுக்கு முன் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவ ஆலைக்குள் தண்ணீர் வேண்டும். மருந்துத் தூசி படிந்த உடுப்பை மாற்றிவிட்டு வீட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்கும் நல்லது. புகையிலையை விடுவதும், சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைப்பதும் செல்லின் மீதான தாக்குதலைக் குறைக்கும்.

அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021இலும், 'தொழிலாளரைத் தேடி மருத்துவம்' 2024இலும் வந்தன. விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது. சர்க்கரையும் பிரஷரும் பார்க்கும் ஆட்கள் இப்போது வேலை செய்யும் இடத்துக்கே வருகிறார்கள். அவர்களிடம் ஊதிப் பார்த்து நுரையீரல் திறனை அளக்கும் சிறு கருவியும் இருக்க வேண்டும். வயதைக் கேட்டு எழுதியதும், எந்த அறையில், என்ன மருந்தில், எத்தனை வயதிலிருந்து வேலை என்பதையும் கேட்டு எழுத வேண்டும். ஐம்பது வயதில் மூச்சு வாங்குகிறது என்று வரும் பெண்ணிடம் "வயசாயிருச்சும்மா, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது. அவருடைய செல்கள் பிறந்த தேதியை எண்ணவில்லை. பத்து வயதிலிருந்து பட்டதை எண்ணியிருக்கின்றன. சிகிச்சையும் நிவாரணமும் ஓய்வூதியமும் அந்தக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும்.